அணைக்கிறது யார் வேலை

இந்தக் காலத்து ஆட்களுக்குக் கத்தரிக்காயைத் திருப்பிப் பார்க்கக்கூடப் பொறுமை கிடையாது. வண்டியை விட்டு இறங்குவதில்லை. ஒரு காலைத் தரையில் ஊன்றிக்கொண்டே பையை நீட்டுகிறார்கள், கடைக்காரன் அள்ளிப் போட்டதை வாங்கிக்கொண்டு போய்க்கொண்டே இருக்கிறார்கள். அவன் அடியில் கிடப்பதைத்தான் போடுவான், வேறென்ன செய்வான்? வீட்டில் போய் அறுத்தால் உள்ளே புழு குடும்பம் நடத்திக்கொண்டிருக்கும். அப்புறம் காலம் கெட்டுப்போச்சு என்று ஒரு அங்கலாய்ப்பு. காலம் எங்கே கெட்டது? கெட்டது கத்தரிக்காய்.

டயர்க்காரர் அப்படி ஏமாறுகிற ஆள் இல்லை. ஆயுசில் பாதியை பஸ் டெப்போவில் டயர் கழற்றி மாட்டியே கழித்தவர். இரும்புக் கம்பியால் ஒரு தட்டு தட்டி, சத்தத்தைக் கேட்டு, இது ஊர் போய்ச் சேரும், இது சேராது என்று சொன்னவர். அந்தப் புத்தி இன்னும் போகவில்லை. தட்டிப் பார்க்காத எதையும் நம்ப மாட்டார். டாக்டரையும் ஒரு தட்டு தட்டிப் பார்க்க முடிந்தால் தேவலை என்பார்.

"என்ன பெருசு, பொண்ணு பார்க்க வந்த மாதிரி பார்க்கறீங்க. எடுத்துட்டுப் போங்க, கூட்டம் நிக்குது" என்றான் காய்கறிக்காரன்.

"பொண்ணுக்கு அவ அப்பன் பொறுப்பு. இதுக்கு யார் பொறுப்பு, நீயா?"

அவன் தலையில் அடித்துக்கொண்டு அடுத்த ஆளைப் பார்த்தான். டயர்க்காரர் உருளைக்கிழங்கு ஒவ்வொன்றையும் கட்டைவிரலால் அழுத்தி, கண் முளைத்ததை ஒதுக்கி, பைக்குள் போட்டார். தக்காளி, வெங்காயம், ஒரு கட்டு கீரை. சனிக்கிழமை. வானம் காலையிலிருந்து மூடிக்கொண்டு கிடந்தது, பெய்யவும் இல்லை, விலகவும் இல்லை. சட்டை முதுகில் ஒட்டியது. அவருக்கு நடை வேகமாயிருந்தது. போன சனிக்கிழமை நடந்தது அப்படி.

சமையல், டயர்க்காரரும் கூட்டாளிகளுமாக நாலு பேருக்கும் டெப்போவில் ஆரம்பித்த பழக்கம். பாட்டரி அறைக்குப் பின்னால் ஒரு மண்ணெண்ணெய் ஸ்டவ், ஒரு அலுமினியக் குண்டான். அரிசி, பருப்பு, கையில் கிடைத்த காய் எல்லாம் ஒன்றாகக் கொட்டி வேக வைப்பது. பேர் ஒன்றும் கிடையாது அதற்கு, சோறு என்பார்கள். வேலையை டெப்போ வேலை மாதிரியே பிரித்துக்கொண்டார்கள். பார்த்து வாங்குவதும் கழுவுவதும் டயர்க்காரர். நறுக்குவது எலக்ட்ரீஷியன், ஆள் கம்பி மாதிரி இருப்பதால் எல்லாருக்கும் அவர் ஃபியூஸ். தாளித்து, கிளறி, உப்பு பார்ப்பது பஸ்ஸுக்குப் பெயிண்ட் அடித்த பெயிண்டர். அடுப்பை அணைப்பது மேஸ்திரி.

மேஸ்திரி வேறு எதுவும் செய்ய மாட்டார். ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்திருப்பார். வாசனை ஒரு பதத்துக்கு வந்ததும் "போதும்" என்பார், எழுந்து அணைப்பார். பட்டறையில் கம்ப்ரசரை அணைப்பதும் அவர்தான். வேறு எவன் கையும் எந்த சுவிட்சுக்கும் போகக் கூடாது, போனால் அன்றைக்கு அவன் காது கிழியும். அப்படியே பழகி, வேலையை விட்டு வந்து, தலை நரைத்து, ஸ்டவ் போய் காஸ் வந்து, பெயிண்டரின் மாடி வீட்டுச் சமையலறையில் சனிக்கிழமை சனிக்கிழமை சமைக்கிறபோதும் அதே ஏற்பாடுதான். மேஸ்திரிக்கு ஒரு ஸ்டூல், வாசல் பக்கம்.

மழைக்காலம் தொடங்குகிற சமயத்தில் மேஸ்திரி தூக்கத்திலேயே போய்விட்டார்.

கொஞ்ச நாள் யாரும் யார் வீட்டுக்கும் போகவில்லை. போன சனிக்கிழமைதான் மூணு பேரும் திரும்பக் கூடினார்கள். டயர்க்காரர் கழுவினார், ஃபியூஸ் நறுக்கினார், பெயிண்டர் உப்பு பார்த்து மூடி வைத்துவிட்டு வந்தார். கூடத்தில் உட்கார்ந்து மேஸ்திரியைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். வாசனை வந்தது. பேசினார்கள். தீய்ந்த வாசனை வந்தது. அப்போதும் பேசினார்கள். மேஸ்திரி பார்த்துக்கொள்வான் என்று யாரும் நினைத்ததாகக்கூடச் சொல்ல முடியாது, உடம்பு அப்படி உட்கார்ந்திருந்தது. அலமாரியில் இருந்த பிளாஸ்டிக் கூடை உருகி, ஜன்னல் துணியில் நெருப்பு பிடித்து, கீழ்வீட்டு அம்மாள் ஒரு வாளித் தண்ணீரோடு மாடியேறி வந்த பிறகுதான் மூணு பேரும் எழுந்தார்கள்.

அந்த அம்மாள் அன்றைக்கே பெயிண்டரின் மகளுக்குப் போன் போட்டுவிட்டாள்.

மாடிப்படி முடிகிற இடத்தில் ஒரு ஜோடி பெண்பிள்ளைச் செருப்பு கிடந்தது. டயர்க்காரர் அதைப் பார்த்துக்கொண்டே தன் செருப்பைக் கழற்றினார். உள்ளே கூடத்தில் ஒரு பெரிய பை பாதி நிரம்பி வாயைப் பிளந்துகொண்டு கிடந்தது. பெயிண்டரின் சட்டைகள் மடித்து வைக்கப்பட்டிருந்தன.

"வாங்க மாமா" என்றாள் மகள். கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. தொலைவில் வேறொரு ஊரில் பேக்கிங் கம்பெனியில் ஷிஃப்ட் வேலை அவளுக்கு.

"எப்பம்மா வந்தே?"

"காலைல. நாளைக்குக் கிளம்பறோம்."

"கிளம்பறோம்னா?"

"அப்பாவும் நானும்."

ஃபியூஸ் ஏற்கெனவே வந்து சுவரோரம் உட்கார்ந்திருந்தார். கையில் கத்தி இருந்தது, நறுக்க ஒன்றும் இல்லை. பெயிண்டர் உள்ளேயிருந்து முகத்தைத் துடைத்துக்கொண்டே வந்தார். கல்யாண வீட்டில் வரவேற்கிற மாதிரி ஒரு சிரிப்பு அவருக்கு எப்போதும்.

"வந்துட்டியா? கீரை வாங்கினியா? மண்ணு இல்லாம வாங்கினியா?"

"நான் வாங்கினதுல என்னைக்குடா மண்ணு இருந்துச்சு?" என்று சொல்லிக்கொண்டே டயர்க்காரர் நேரே சமையலறைக்குப் போனார். சுவர் கறுத்திருந்தது. மேஸ்திரியின் ஸ்டூல் அதே இடத்தில் இருந்தது. தொட்டிக்குள் கருகிய குண்டான் தண்ணீரில் ஊறிக்கிடந்தது. அடுப்புக் குமிழைத் திருப்பினார், காற்றுகூட வரவில்லை. குனிந்து பார்த்தார். சிலிண்டர் தலையில் ரெகுலேட்டரைக் காணோம்.

"என் கைப்பையில இருக்கு மாமா" என்றாள் மகள், பின்னாலேயே வந்து நின்றுகொண்டு. "தேடாதீங்க."

"ஒரு குண்டான் கருகினதுக்கு ஆளையே கட்டித் தூக்கிட்டுப் போறியா?"

"குண்டான் மட்டுமா? வீடே போயிருக்கும்."

"அவன் மறந்தான்னு நெனைக்கிறே நீ. அதான் தப்பு. அவன் மறக்கலை. அணைக்கிறது அவன் வேலையே இல்லை."

அவள் அவரை ஒரு மாதிரி பார்த்தாள். "அடுப்ப அணைக்கிறது ஒரு ஆளு வேலையா மாமா?"

"எங்களுக்கு அப்படித்தான். அது மேஸ்திரி வேலை. அவன் இல்லாததுக்கு இவன் என்ன பண்ணுவான்? கேளு, நானும்தான் உட்கார்ந்திருந்தேன். ஃபியூஸும்தான். எங்களையும் ஆளுக்கொரு பையில போட்டுக் கூட்டிட்டுப் போவியா?"

"எனக்கு ஆட்சேபணை இல்லை" என்றார் ஃபியூஸ் கூடத்திலிருந்து. "மூணு வேளைச் சோறு போடுவீங்கன்னா வர்றேன். என் மருமக சந்தோஷப்படுவா."

"நீ சும்மா இரு."

மகள் சுவரில் சாய்ந்துகொண்டாள். குரலைத் தணித்துப் பேசினாள், அப்பா கேட்கக் கூடாது என்று. "அது ஒண்ணுக்காக இல்ல மாமா. குழாயத் திறந்துவிட்டுட்டுத் தூங்கிடறார். அலமாரியத் திறந்தா ஒரே சோப்பா இருக்கு, தினமும் ஒண்ணு வாங்கியிருப்பார் போல. போன்ல என்னை அம்மா பேரச் சொல்லிக் கூப்பிடறார். நான் பேசாமக் கேட்டுக்கறேன். மெஷின் ஓடறப்ப போன எடுக்கக் கூடாது எங்க கம்பெனில. அது அடிச்சா எடுக்க முடியல, அடிக்கலைன்னா உயிரு போகுது. இந்த ஒரு வாரமா நான் தூங்கல."

டயர்க்காரர் குண்டானைத் தொட்டியிலிருந்து தூக்கி, ஒரு கரண்டியால் அடியைச் சுரண்ட ஆரம்பித்தார். கை சும்மா இருக்க மாட்டேன் என்றது.

"சோப்பு விலை ஏறப்போகுதுன்னு வாங்கி வெச்சிருப்பான். பேரை மாத்திக் கூப்பிடறதெல்லாம் ஒரு வியாதியா? எங்கப்பா என்னைக் கடைசி வரைக்கும் எங்க மாட்டுப் பேரச் சொல்லித்தான் கூப்பிட்டார்."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வந்ததும் கண்ணும் நிறைந்துவிட்டது. "உங்களோட பேச முடியாது மாமா."

"பேச வேணாம். பார். தட்டிப் பார்த்தாத் தெரிஞ்சிடும். அந்த ரெகுலேட்டர மாட்டு. அவன் ஒருத்தனே கழுவட்டும், நறுக்கட்டும், ஆக்கட்டும், அணைக்கட்டும். நாங்க கை வைக்கல. ஒருத்தரும் ஒரு வார்த்தை சொல்லக் கூடாது, நீயும்தான். ஒழுங்கா இறக்கிட்டான்னா அவன் இங்கேயே இருப்பான், நீ நிம்மதியா ஊருக்குப் போ. சொதப்பினான்னா நானே அந்தப் பைய பஸ் ஸ்டாண்டு வரைக்கும் தூக்கிட்டு வர்றேன்."

 அவள் கைப்பையைத் திறந்து, கைக்குட்டையில் சுற்றியிருந்த ரெகுலேட்டரை எடுத்து, தானே மாட்டினாள். டக்கென்று ஒரு சத்தம். டயர்க்காரர் குனிந்து அதை ஒரு ஆட்டு ஆட்டிப் பார்த்துக்கொண்டார்.

விஷயத்தைச் சொன்னதும் பெயிண்டர் சிரித்தார். "எம்பொண்ணுக்குப் பயம், இவனுக்கு ரோஷம், எனக்குப் பசி. கொண்டா பைய."

மூணு பேரும் சமையலறைக்கு வெளியே கூடத்தில் நின்றுகொண்டார்கள். கல்யாணத்துக்கு வந்தவர்களுக்கு உட்கார இடம் கிடைக்காத மாதிரி. காற்று அசையவில்லை. மின்விசிறி சுற்றியது, ஆனால் சூட்டைத்தான் சுற்றியது. டயர்க்காரர் கருகிய குண்டானை இடுப்பில் இடுக்கிச் சுரண்டிக்கொண்டே எட்டி எட்டிப் பார்த்தார்.

பெயிண்டருக்கு அரிசி கழுவிப் பழக்கமில்லை. முதல் தண்ணீரோடு ஒரு பிடி அரிசியும் போயிற்று. டயர்க்காரரின் கரண்டி நின்றது. உதட்டைக் கடித்துக்கொண்டார். உருளைக்கிழங்கைப் பெயிண்டர் ஒவ்வொன்றையும் ஒரு தினுசாக வெட்டினார், ஒன்று கைமுட்டி அளவு, ஒன்று நகம் அளவு. இந்தத் தடவை ஃபியூஸ் கண்ணை மூடிக்கொண்டார்.

"அய்யோ, அது வேகுமா?" என்று முணுமுணுத்தார்.

"பரீட்சை நடக்குது. பேசாதே" என்று அடிக்குரலில் அதட்டினார் டயர்க்காரர்.

வேறொரு பாத்திரத்தை ஏற்றி அடுப்பைப் பற்றவைத்த பிறகு பெயிண்டர் வேறு ஆளாகிவிட்டார். எண்ணெய் காய்வதை உள்ளங்கையை மேலே காட்டிப் பார்த்தார். வெங்காயத்தை அவசரப்படாமல் வதக்கினார், பஸ்ஸின் பக்கவாட்டில் கோடு இழுப்பாரே, அதே மாதிரி மணிக்கட்டு மட்டும் அசைந்தது. தக்காளி, பருப்பு, அரிசி, கீரையைக் கடைசியில். உப்பைக் கையால் அள்ளி, கொஞ்சம் திரும்பப் போட்டுவிட்டு, மீதியைச் சேர்த்தார். தீயைக் குறைத்தார். மூடினார். மகளின் தோள் மெள்ள இறங்கியது. டயர்க்காரர் ஃபியூஸை முழங்கையால் இடித்தார், பார்த்தாயா என்கிற மாதிரி.

பெயிண்டர் அடுப்பை விட்டு நகரவில்லை. கூடத்துக்கு வந்து உட்கார்ந்து பேசவில்லை. அதுவே டயர்க்காரருக்குப் பாதி வெற்றி. பாத்திரத்தின் மூடி ஆடியது, ஆவி வந்தது, பருப்பும் கீரையும் சேர்ந்த வாசனை வீட்டை நிரப்பியது. பெயிண்டர் மூடியைத் தூக்கி, ஒரு துளி உள்ளங்கையில் விட்டு நக்கிப் பார்த்தார். தலையை ஆட்டினார். சரியாக வந்திருந்தது. இனி அணைக்க வேண்டியதுதான்.

கரண்டியை வைத்துவிட்டு நின்றார்.

நின்றார், நின்றுகொண்டே இருந்தார். கையைத் துண்டில் துடைத்தார். மறுபடியும் துடைத்தார். ஓரத்தில் லேசாகப் பிடிக்கிற சத்தம் கேட்டது. வாசனை ஒரு இழை மாறியது. டயர்க்காரரின் தொண்டையில் அந்த ஒரு வார்த்தை வந்து உட்கார்ந்துகொண்டு அரித்தது. மகள் அவரைப் பார்த்தாள், பேசக் கூடாது என்று நீங்கள்தானே சொன்னீர்கள் என்பதுபோல. ஃபியூஸ் கூரையைப் பார்த்தார்.

பெயிண்டர் வாசல் பக்கம் திரும்பினார். ஸ்டூலைப் பார்த்து, சாதாரணமாக, பக்கத்தில் இருக்கிற ஆளைக் கேட்கிற மாதிரி கேட்டார்.

"என்னப்பா, போதுமா?"

 பெயிண்டர் பதிலுக்குக் காத்திருந்தார். அடியில் பிடிக்கிற வாசனை இப்போது எல்லார் மூக்கிலும் ஏறியது.

"போதும்" என்றார் டயர்க்காரர்.

உடனே பெயிண்டரின் கை போய்க் குமிழைத் திருப்பியது. தீ அடங்கியது. அவ்வளவு சுத்தமாக, அவ்வளவு சரியாக.

"பார்த்தியா?" டயர்க்காரர் மகள் பக்கம் திரும்பினார். "அணைச்சுட்டான்ல. அவனேதான் அணைச்சான்."

"நீங்க சொன்னதால மாமா."

"சொன்னா என்ன? சொல்ல ஒரு ஆளு இருந்தாப் போதும்னு ஆச்சுல்ல. நான் தினம் வந்து சொல்றேன். எனக்கென்ன வேலை?"

"ஒரு வேளைக்கு வருவீங்க. மத்த நேரம்?"

"மத்த நேரத்துக்கும் ஆள் இருக்கோம்."

"எங்க மருமக என்ன சொல்லுவாளோ" என்று ஆரம்பித்த ஃபியூஸ், டயர்க்காரரின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

அதற்குள் பெயிண்டர் தட்டுகளை எடுத்து வந்து கூடத்தில் பரப்பினார். டயர்க்காரருக்கு ஒன்று, ஃபியூஸுக்கு ஒன்று, மகளுக்கு ஒன்று, தனக்கு ஒன்று. பிறகு இன்னொன்று. அதில்தான் முதலில் பரிமாறினார். உருளைக்கிழங்கைத் தேடித் தேடி எடுத்து வைத்தார். மேஸ்திரிக்கு உருளைக்கிழங்கென்றால் உயிர். பரிமாறிவிட்டு, மேலே ஒரு தட்டைக் கவிழ்த்து மூடினார்.

"அப்பா, அது யாருக்கு?" என்றாள் மகள்.

"அவனுக்குத்தான். கம்ப்ரசர அணைச்சுட்டு வரட்டும். நாம ஆரம்பிப்போம், கோவிச்சுக்க மாட்டான்."

ஃபியூஸ் தட்டைப் பார்த்துக் குனிந்துகொண்டார். அந்தக் கம்ப்ரசர் இருந்த பட்டறையையே இடித்து, அந்த இடத்தில் வேறு ஏதோ கட்டி, அதற்கும் பெயிண்ட் வெளுத்துப்போயிருந்தது.

மகள் எழுந்து அப்பாவின் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். "மேஸ்திரி மாமா இல்லப்பா. போயிட்டார். நீங்களும் போய்ப் பார்த்துட்டு வந்தீங்களே."

பெயிண்டர் அவளையே பார்த்தார். அந்தச் சிரிப்பு முகத்தில் அப்படியே இருந்தது, ஆனால் உள்ளே ஆள் எதையோ தேடப் போயிருந்தார். கொஞ்சம் பொறுத்துத் திரும்பி வந்தார்.

"தெரியும்மா. எனக்குத் தெரியாதா? அழுதேனே நான்."

"பார்த்தியா, தெரியும்ங்கறான்" என்றார் டயர்க்காரர். "பழக்கம்மா அது. நானும்தான் நேத்து வீட்டுல ரெண்டு தட்டு எடுத்து வெச்சேன். பழக்கத்தையெல்லாம் மறதின்னா ஊர்ல பாதிப் பேர நீ கூட்டிட்டுப் போகணும்."

அவர் வீட்டில் இருப்பதே ஒரு தட்டுதான். அது ஃபியூஸுக்குத் தெரியும். 

சாப்பிட்டார்கள். சோறு நன்றாக இருந்தது. அதுதான் டயர்க்காரரால் பொறுக்க முடியாமல் இருந்தது. உப்பு இம்மியும் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. பெரிய கிழங்கு நடுவில் வேகவில்லை, சின்னது கரைந்துவிட்டிருந்தது, அது வெட்டின கோளாறு. இவ்வளவு சரியாக உப்புப் போடத் தெரிந்த கைக்கு என்ன வந்துவிட்டது என்று யாராவது அவருக்கு விளங்கச் சொல்லட்டும். மகள் சாப்பிட்டுக்கொண்டே ஒரு கையால் கண்ணைத் துடைத்தாள். இன்னும் கொஞ்சம் போட்டுக்கொண்டாள்.

"நல்லாருக்குப்பா."

"உங்கம்மா இன்னும் நல்லா வைப்பா" என்றார் பெயிண்டர். மூடிய தட்டை ஒரு தடவை தொட்டுப் பார்த்தார். "ஆறிடுச்சு."

கை கழுவிய பிறகு மகள் சமையலறைக்குப் போனாள். டக்கென்று அந்தச் சத்தம் மறுபடி கேட்டது. ரெகுலேட்டரைக் கைக்குட்டையில் சுற்றிக்கொண்டே வந்தாள்.

"மாமா, நாளைக்குக் காலைல பஸ். நீங்க பைய தூக்க வேணாம், நான் பார்த்துக்கறேன்."

"நான் தோத்தேன்னு யார் சொன்னா?"

"யாரும் சொல்லல மாமா. நீங்க எப்ப வேணா அங்க வரலாம். சமையலறை பெருசு. எல்லாருமா வந்து ஆக்குங்க."

"வேற ஊர்க் காய நான் எப்படி நம்பறது?" என்றார் அவர். அவளைப் பார்க்காமல் பையைத் தேடினார். மிச்சமிருந்த வெங்காயத்தை அதில் போட்டார். பிறகு, பாதி சுரண்டிய குண்டானை எடுத்து அதற்குள் திணித்தார்.

"அது எதுக்கு மாமா? தூக்கிப் போடலாம்னு வெச்சேன்."

"அடி மட்டும்தான் போயிருக்கு. சாம்பல் போட்டுத் தேய்ச்சா வந்துடும். சனிக்கிழமைக்கு வேணும்ல."



படியிறங்குகையில் குண்டான் அவர் முழங்காலில் இடித்துக்கொண்டே வந்தது. தெருவில் ஒரு பொட்டு மழை விழுந்தது, இன்னொன்று விழுமா என்று பார்த்தால் விழவில்லை. ஃபியூஸ் கூடவே நடந்தார்.

"அந்தப் பொண்ணு சொல்றது சரின்னுதாம்ப்பா எனக்குப் படுது."

"உனக்கு எது படலை? வயரைத் தொட்டாக் கரண்ட் அடிக்கும்ங்கறது தவிர எல்லாம் படும்."

"ஸ்டூலப் பார்த்துக் கேட்டான்ல?"

"கேட்டா? நீ மட்டும் பார்க்கலையா அந்த ஸ்டூல? வாசல்ல நுழையறப்ப முதல்ல எதைப் பார்த்தே, சொல்லு."



மேலே ஜன்னல் திறக்கிற சத்தம் கேட்டது. கருகிய துணியை ஒதுக்கிவிட்டுப் பெயிண்டர் தலையை நீட்டினார். பின்னால் மகளின் கை அவர் தோளில் இருந்தது.

"டேய், டயரு. போற வழியில மேஸ்திரிகிட்டச் சொல்லிடு. அடுத்த வாரம் சீக்கிரம் வரச் சொல்லு. சோறு ஆறிப்போகுது."

ஃபியூஸ் அப்படியே நின்றுவிட்டார். டயர்க்காரர் திரும்பவில்லை. குண்டான் இருந்த பையை அடுத்த கைக்கு மாற்றிக்கொண்டு, வெறுங்கையை மட்டும் தலைக்கு மேலே தூக்கிக் காட்டினார்.

"சொல்றேன்டா."

நாலு எட்டு வைத்த பிறகு, பின்னால் நிற்கிறவருக்குக் கேட்கிற மாதிரி சொன்னார். "மக கிட்ட வெளையாட்டுக் காட்டறான். அவன் எப்பவும் இப்படித்தான், உனக்குத் தெரியாதா?"

ஃபியூஸ் வரவில்லை. டயர்க்காரர் வளைவு வரைக்கும் வேகத்தைக் குறைக்காமல் நடந்தார், சாம்பலுக்கு எந்த டீக்கடையைக் கேட்பது என்று யோசித்துக்கொண்டு.